எக்செல் மேக்ரோ பாஷை: படிப்பது லாபமா, நஷ்டமா?

மாதத்தின் கடைசி நாள். சாயங்காலம் 6 மணி.

ஒரு கம்பெனி. அங்கே 120 பேர் வேலை பார்க்கிறார்கள். மறுநாள் எல்லோருக்கும் சம்பளம் போட வேண்டும்.

கணக்குப் பிள்ளை கம்ப்யூட்டர் முன் உட்காருகிறார். "எக்செல்" கணக்குத் தாளைத் திறக்கிறார். அதில் ஒரு பொத்தான் இருக்கிறது. "சம்பளம் போடு" என்று அதன் மேல் எழுதி இருக்கிறது. மாதா மாதம் அந்தப் பொத்தானை அமுக்குவார். ஒரே நிமிடத்தில் 120 பேர் சம்பளக் கணக்கும் தயார் ஆகிவிடும். பிறகு காபி சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்புவார்.

அன்றும் அமுக்கினார். சம்பளக் கணக்கு வரவில்லை! "தவறு" என்று இங்கிலீஷில் ஓர் அறிவிப்புதான் வந்தது. அதை அமுக்கினார். எழுத்துகள் நிறைந்த ஒரு ஜன்னல் திறந்தது. அதில் ஒரு வரி மட்டும் மஞ்சளாக இருந்தது.

முதலாளி வந்து பார்த்தார்.

"இதை எழுதியது யார்?"

"முன்பு இங்கே இருந்த ஒரு தம்பி எழுதியது, ஐயா. அவர் வேலையை விட்டுப் போய் 4 வருஷம் ஆகிறது."

"வேறு யாருக்கு இது தெரியும்?"

"யாருக்கும் தெரியாது, ஐயா."

120 குடும்பங்கள்! வீட்டு வாடகை, பால் பாக்கி, பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சம்பளம் எல்லாம் அந்த ஒரு மஞ்சள் வரியில் மாட்டிக் கொண்டன.

இது நாம் கற்பனை செய்த கம்பெனி. ஆனால் எக்செல் வைத்து வேலை பார்க்கும் எந்த ஆபீசிலும் இப்படி நடக்கலாம்.

அந்த மஞ்சள் வரி ஒரு பாஷையில் எழுதப்பட்டது. அந்தப் பாஷைக்கு "வி.பி.ஏ." என்று பெயர். அதன் வயது 30-க்கு மேல். "அது கிழட்டுப் பாஷை. இனி யாரும் படிக்க வேண்டாம்" என்கிறார்கள் சிலர். "அது இல்லாவிட்டால் ஆபீஸ் ஓடாது" என்கிறார்கள் வேறு சிலர்.

எது சரி? பணம் கட்டிப் பிள்ளையைப் படிக்க வைக்கும் பெற்றோருக்கும், சிறு தொழில் நடத்துகிறவர்களுக்கும் இது தெரிய வேண்டிய விஷயம்.

கடைச் சீட்டு

முதலில், மேக்ரோ என்றால் என்ன?

எக்செல் என்பது கட்டம் கட்டமாகக் கோடு போட்ட கணக்குத் தாள். தாள் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. ஒரு கட்டத்தில் எண்ணை மாற்றினால், கூட்டுத் தொகை தானாகவே மாறும். அழிரப்பர் வேண்டாம்.

ஆனால் சில வேலைகளைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டி இருக்கும். 30 கிளைகளில் இருந்து 30 தாள்கள் வரும். அவற்றை ஒன்றாகச் சேர்க்க வேண்டும். பாக்கிதாரர்களைத் தனியாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு கடிதம் அச்சிட வேண்டும். கையால் செய்தால் ஒரு நாள் பிடிக்கும்.

வீட்டில் அம்மா பிள்ளையைக் கடைக்கு அனுப்புகிறாள். கையில் ஒரு சீட்டுக் கொடுக்கிறாள். "முதலில் மளிகைக் கடைக்குப் போ. துவரம் பருப்பு வாங்கு. பிறகு எண்ணெய்க் கடை. மீதிச் சில்லறையை எண்ணி வாங்கு." பிள்ளை அந்தச் சீட்டின்படி ஒவ்வொன்றாகச் செய்கிறான்.

அந்தச் சீட்டுதான் மேக்ரோ! சீட்டை எழுதும் பாஷைதான் வி.பி.ஏ.

கம்ப்யூட்டர் நல்ல பிள்ளை. களைப்பு இல்லை. மறதி இல்லை. ஆனால் சொந்தப் புத்தியும் இல்லை. மளிகைக் கடை இடம் மாறிவிட்டால் நம் பிள்ளை நாலு பேரைக் கேட்டுக் கண்டுபிடிப்பான். கம்ப்யூட்டர் கேட்காது. பழைய இடத்திலேயே திகைத்து நிற்கும். இல்லாவிட்டால், அந்த இடத்தில் இப்போது இருக்கும் செருப்புக் கடையில் பருப்பு வாங்கப் போகும்!

பிறந்த கதை

இந்தப் பாஷையின் பாட்டிக்கு "பேசிக்" என்று பெயர். 1964-ம் ஆண்டில் அமெரிக்காவில் டார்ட்மத் கல்லூரியில் அது பிறந்தது. ஜான் கெமெனி, தாமஸ் கர்ட்ஸ் என்ற இரண்டு பேராசிரியர்கள் அதை உண்டாக்கினார்கள். கணிதமும் விஞ்ஞானமும் படிக்காத மாணவர்கள்கூடக் கம்ப்யூட்டரை உபயோகிக்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. ஆகவே பாஷையை மிகவும் எளிமையாக அமைத்தார்கள்.

கட்டம் போட்ட கணக்குத் தாள் 1979-ல் கடைக்கு வந்தது. அதற்கு "விசிகால்க்" என்று பெயர். டேன் பிரிக்ளின், பாப் பிராங்க்ஸ்டன் என்ற இருவர் அதைச் செய்தார்கள். 1983-ல் "லோட்டஸ் 1-2-3" வந்தது. அதிலேயே மேக்ரோ உண்டு. 1985-ல் மைக்ரோசாப்ட் கம்பெனி எக்செலைக் கொண்டு வந்தது. முதலில் அது ஆப்பிள் மெக்கின்டாஷ் கம்ப்யூட்டரில்தான் ஓடியது. விண்டோசுக்கு 1987-ல் வந்தது.

1993-ல் எக்செலின் 5-ம் பதிப்பு வந்தது. அதற்குள்ளேயே வி.பி.ஏ.யை வைத்தார்கள். தனியாக விலை இல்லை. அதனால் ஆபீசில் கணக்கு எழுதிய சாதாரண மனிதர்களே, எந்தக் கம்ப்யூட்டர் கல்லூரிக்கும் போகாமல், தங்கள் வேலைக்கு வேண்டிய சீட்டுகளை எழுதத் தொடங்கினார்கள். பாங்கிகள், ஆலைகள், சர்க்கார் ஆபீசுகள், தணிக்கையாளர்கள் எல்லோரிடமும் அந்தச் சீட்டுகள் சேர்ந்தன.

எடுத்தார்கள், திருப்பி வைத்தார்கள்!

"பழையதுதானே, எடுத்துவிட்டால் என்ன?" என்று கேட்கலாம். ஒரு தடவை எடுத்தும் பார்த்தார்கள்.

2008-ம் ஆண்டில் மெக்கின்டாஷ் கம்ப்யூட்டருக்குப் புதிய எக்செல் வந்தது. அதில் வி.பி.ஏ. இல்லை. பழைய மேக்ரோ எதுவும் ஓடவில்லை. வாடிக்கைக்காரர்கள் கூச்சல் போட்டார்கள். அதே ஆண்டில், "அடுத்த பதிப்பில் திருப்பித் தருகிறோம்" என்று மைக்ரோசாப்ட் அறிவித்தது. 2011-ம் ஆண்டுப் பதிப்பில் வி.பி.ஏ. திரும்பி வந்தது.

இன்றைக்கும் கம்ப்யூட்டரில் நிறுவிக் கொள்ளும் எக்செலில், விண்டோஸ் ஆனாலும் சரி, மெக்கின்டாஷ் ஆனாலும் சரி, அது இருக்கிறது. 20 வருஷத்துக்கு முன் எழுதிய பல மேக்ரோக்கள் இன்னும் ஓடுகின்றன.

பழைய பாஷை தெரிந்தவர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இன்னோர் உதாரணம். கோபால் என்று ஒரு கம்ப்யூட்டர் பாஷை. (அது மனிதர் பெயர் அல்ல!) 1959, 1960-ம் ஆண்டுகளில் உருவானது. 2020-ல் கொரோனா வந்த போது, அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில் வேலை இழந்தவர்கள் உதவிப் பணம் கேட்டு லட்சக்கணக்கில் மனுப் போட்டார்கள். மனுக்களைப் பார்க்கும் கம்ப்யூட்டர்கள் பழையவை. "கோபால் தெரிந்தவர்கள் உதவிக்கு வாருங்கள்" என்று கவர்னரே பகிரங்கமாக வேண்டுகோள் விடுத்தார்!

ஆபீசில் ஒரு பாஷை குடியேறிவிட்டால், அதைக் கிளப்புவது சுலபம் அல்ல.

கையால் செய்தால் என்ன?

"மேக்ரோவே வேண்டாம். எல்லாவற்றையும் கையால் செய்துவிடலாம்" என்று சிலர் நினைப்பார்கள். அதிலும் ஆபத்து உண்டு.

2012-ம் ஆண்டில் அமெரிக்காவின் பெரிய பாங்கியான ஜே.பி. மார்கன், லண்டனில் செய்த ஒரு வியாபாரத்தில் சுமார் 620 கோடி டாலர் நஷ்டப்பட்டது. நஷ்டத்துக்குக் காரணங்கள் பல. பாங்கி தானே விசாரணை நடத்தி, 2013 ஜனவரியில் அறிக்கை வெளியிட்டது. அதில் ஒரு விஷயம் வெளிவந்தது. ஆபத்தின் அளவைக் கணிக்கும் கணக்கு, எக்செல் தாள்களில் இருந்ததாம். ஒரு தாளில் இருந்து இன்னொரு தாளுக்கு எண்களைக் கையால் நகல் எடுத்து ஒட்டினார்களாம்! சராசரியால் வகுக்க வேண்டிய ஒரு இடத்தில், கூட்டுத் தொகையால் வகுத்திருந்தார்கள். ஆகவே ஆபத்து உள்ளதைவிடக் குறைவாகத் தெரிந்தது.

நகல் எடுத்து ஒட்டும் வேலையை மேக்ரோவிடம் கொடுக்கலாம். அது வரி தாண்டாது, கண் அசராது. ஆனால் வகுத்தலில் செய்த தவறை எந்த மேக்ரோவும் கண்டுபிடிக்காது. அதற்கு மனிதன்தான் வேண்டும்.

திருடன் வந்த வழி

வி.பி.ஏ.க்குக் கெட்ட பெயரும் உண்டு.

1999-ம் ஆண்டு மார்ச் மாதம் "மெலிசா" என்ற வைரஸ் கிளம்பியது. ஈ-மெயிலில் ஒரு கடிதத் தாள் வரும். திறந்தால், உள்ளே இருக்கும் மேக்ரோ ஓடும். உங்கள் முகவரிப் புத்தகத்தில் உள்ள முதல் 50 பேருக்கு, உங்கள் பெயரிலேயே அந்தத் தாளை அனுப்பிவிடும். 50 பேரும் திறந்தால் 2,500 பேர்! பெரிய பெரிய கம்பெனிகள் கடிதப் போக்குவரத்தையே நிறுத்தி வைத்தன.

அதன் பிறகும் மேக்ரோ வழியாகத் திருடர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஆகவே 2022-ல் மைக்ரோசாப்ட் ஒரு பூட்டுப் போட்டது. இன்டர்நெட்டில் இருந்து வந்த பைலில் உள்ள மேக்ரோ, தானாக ஓடாதபடி தடுத்துவிட்டது.

முன்பின் தெரியாதவர் அனுப்பிய பைலில் "மேக்ரோவை ஓடவிடுங்கள்" என்று எழுதி இருந்தால், ஓடவிடாதீர்கள். பூட்டைத் திறந்து திருடனை வரவேற்கிற மாதிரி ஆகும்.

பெட்டி நிறைந்தால்?

எல்லா வேலையையும் எக்செல் தலையில் கட்டுவதும் தவறு.

2020-ம் ஆண்டு செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் இங்கிலாந்தில் சுமார் 16,000 கொரோனா நோயாளிகளின் விவரம் தினசரிக் கணக்கில் சேராமல் விடுபட்டுப் போனது. ஏன்? ஆய்வுக் கூடங்கள் அனுப்பிய விவரங்களைப் பழைய மாதிரி எக்செல் பைலில் கொட்டினார்கள். அந்தப் பழைய பைலில் 65,536 வரிசைகள்தான் இருக்கும். அதற்கு மேல் வந்தது வெளியே நின்றுவிட்டது. 2007-ல் வந்த புதிய பைலில் 10,48,576 வரிசைகள் உண்டு. ஆனால் பழைய வழக்கத்தை யாரும் மாற்றவில்லை.

நோயாளிகளிடம் பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் வேலை அதனால் தாமதம் ஆனது. எண்ணிக்கை தவறினால் ரூபாய் மட்டும் போவதில்லை; உயிருக்கும் ஆபத்து என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

வேலை பெரியதாக வளர்ந்துவிட்டால் எக்செலை விட்டுப் பெரிய ஏற்பாட்டுக்குப் போக வேண்டும். மேக்ரோ மேல் மேக்ரோவாக அடுக்கக் கூடாது. ஓலைக் கூரை மேல் மாடி கட்டலாமா?

புதிய போட்டிக்காரர்கள்

வி.பி.ஏ. ஒன்றுதான் வழி என்ற காலம் போய்விட்டது.

"பவர் குவெரி" என்ற வசதி, 2016-ம் ஆண்டு எக்செலில் உள்ளேயே சேர்ந்து வந்தது. பல தாள்களை ஒன்றாகச் சேர்க்க, விவரங்களைச் சுத்தம் செய்ய, அது மிகவும் நல்லது. பெரும்பாலும் பொத்தான்களை அமுக்கினாலே போதும். முன்பு மேக்ரோ எழுதிச் செய்த வேலைகள் பலவற்றை இது செய்துவிடுகிறது.

இன்டர்நெட் வழியாகத் திறக்கும் எக்செலிலும், செல்போன் எக்செலிலும் வி.பி.ஏ. ஓடாது. இன்டர்நெட் எக்செலுக்கு "ஆபீஸ் ஸ்கிரிப்ட்ஸ்" என்ற வேறு ஏற்பாடு இருக்கிறது. கூகிள் தாள்களை உபயோகிப்பவர்களுக்கு "ஆப்ஸ் ஸ்கிரிப்ட்" உண்டு. 2023-ல் மைக்ரோசாப்ட், "பைதான்" பாஷையையும் எக்செலுக்குள் கொண்டு வருவதாக அறிவித்தது. பைதான் எக்செலுக்கு வெளியேயும் எத்தனையோ வேலைகளுக்குப் பயன்படுகிறது.

"சாட் ஜி.பி.டி." போன்ற செயற்கை அறிவு யந்திரங்களும் வந்துவிட்டன. "இன்ன வேலைக்கு மேக்ரோ எழுது" என்றால், அரை நிமிடத்தில் எழுதித் தருகின்றன.

"அப்படியானால் படிக்கவே வேண்டாமே?" என்று கேட்பீர்கள்.

வேண்டும்! எழுதுவதற்கு அல்ல, படித்துப் பார்ப்பதற்கு. யந்திரம் எழுதிக் கொடுத்த சீட்டு சரியா என்று யார் சொல்வது? 120 பேர் சம்பளத்தை, படித்துப் பார்க்காத சீட்டை நம்பிப் போடலாமா? கணக்குப் பார்க்கத் தெரியாத முதலாளி, நல்ல குமாஸ்தாவைச் சந்தேகப்படுவார். கெட்ட குமாஸ்தாவை நம்பிவிடுவார்.

யார் படிக்கலாம்?

1. ஏற்கெனவே மேக்ரோ ஓடும் கம்பெனிகளில் இருப்பவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். ஒருவர் போதாது, இரண்டு பேராவது படித்திருக்க வேண்டும். ஒருவர் லீவில் போனாலும் வேலை நிற்காது.

2. கணக்கு எழுதுவோர், தணிக்கை ஆபீசில் வேலை பார்ப்போர், சரக்குக் கணக்கு வைப்போர் படிக்கலாம். விண்டோஸ் கம்ப்யூட்டரில் தினமும் எக்செலோடு வாழ்கிறவர்களுக்கு உடனடிப் பலன் உண்டு. இன்று எழுதிய சீட்டு நாளைக்கே ஒரு மணி நேர வேலையை மிச்சப்படுத்தும்.

3. இனிமேல்தான் கம்ப்யூட்டர் வைக்கப் போகும் புதிய தொழில்காரர்கள் முதலில் எக்செலின் சாதாரண வசதிகளையும் பவர் குவெரியையும் படிக்க வேண்டும். அவற்றால் முடியாத வேலை இருந்தால் மட்டும் வி.பி.ஏ. பக்கம் போகலாம்.

4. கம்ப்யூட்டர் உத்தியோகத்தையே நம்பிப் படிக்கும் இளைஞர்கள் வி.பி.ஏ. ஒன்றை மட்டும் பிடித்துக் கொண்டு இருக்கக் கூடாது. பைதான் போன்ற பாஷைகளைப் படியுங்கள். வி.பி.ஏ. துணைக்கு இருக்கட்டும்.

எப்படிப் படிப்பது?

எக்செலில் "ரெக்கார்டு மேக்ரோ" என்ற வசதி இருக்கிறது. அதை அமுக்கிவிட்டு நீங்கள் ஒரு வேலையைக் கையால் செய்யுங்கள். எக்செல் உங்கள் கூடவே இருந்து சீட்டை எழுதிவிடும். பிறகு "ஆல்ட்" என்ற பொத்தானையும் "எப் 11" என்ற பொத்தானையும் சேர்த்து அமுக்குங்கள். சீட்டு தெரியும். அதில் ஒரு எண்ணை மாற்றி ஓட்டிப் பாருங்கள். இதைவிட நல்ல வாத்தியார் இல்லை.

மூன்று விஷயங்களை மறக்கக் கூடாது.

முதலாவது: மேக்ரோ செய்த வேலையை, "செய்ததை மாற்று" என்று அமுக்கித் திருப்ப முடியாது. அழித்தது அழித்ததுதான். ஆகவே முதலில் பைலுக்கு ஒரு நகல் எடுத்து வைத்து, நகலில் ஓட்டிப் பாருங்கள்.

இரண்டாவது: இது எதற்காக எழுதியது, எந்தப் பத்தியில் என்ன இருக்க வேண்டும் என்று சீட்டின் நடுவிலேயே விளக்கம் எழுதி வையுங்கள். ஒரு வரியின் தொடக்கத்தில் ஒற்றை மேற்கோள் குறி போட்டால், அந்த வரியைக் கம்ப்யூட்டர் படிக்காது; மனிதர்களுக்கு மட்டும் அது. நாளைக்கு உங்கள் நாற்காலியில் உட்காரப் போகிறவர் உங்களை வாழ்த்துவார்.

மூன்றாவது: மேக்ரோ சொன்ன கூட்டுத் தொகையை, வேறு ஒரு வழியில் ஒரு தடவை கூட்டிச் சரி பாருங்கள்.

அந்த மஞ்சள் வரி

நம் கற்பனைக் கம்பெனியைப் பாதியில் விட்டுவிட்டோம். சம்பளம் ஏன் வரவில்லை?

போன வாரம் தாளில் புதிதாக ஒரு பத்தி சேர்த்தார்கள். தொழிலாளியின் பாங்கிப் பெயரை எழுதுவதற்காகச் சேர்த்த பத்தி அது. முன்பு 7-வது பத்தியில் சம்பளத் தொகை இருந்தது. இப்போது 7-வது பத்தியில் பாங்கியின் பெயர் வந்துவிட்டது. சம்பளம் 8-வது பத்திக்குத் தள்ளிப் போய்விட்டது.

4 வருஷத்துக்கு முன் அந்தத் தம்பி எழுதிய சீட்டு, "7-வது பத்தியில் உள்ள தொகையைக் கூட்டு" என்றது. கம்ப்யூட்டர் அங்கே போய்ப் பார்த்தது. தொகை இல்லை, பெயர் இருந்தது. பெயரை எப்படிக் கூட்டுவது? நின்றுவிட்டது. நின்றதே நல்லது! பெயருக்குப் பதில் வேறு ஏதாவது எண் இருந்திருந்தால், சத்தம் போடாமல் தவறான சம்பளத்தைப் போட்டிருக்கும்.

செய்ய வேண்டிய வேலை என்ன? மஞ்சள் வரியில் 7 என்று இருப்பதை 8 என்று மாற்ற வேண்டும். அந்தப் பத்தி சீட்டில் வேறு எங்காவது வருகிறதா என்று பார்த்து, அங்கும் மாற்ற வேண்டும். பாஷை தெரிந்தவருக்கு ஐந்து நிமிட வேலை. தெரியாதவர்களுக்கு, 120 பேர் சம்பளத்தையும் கையால் போட்டு முடிக்க விடிந்துவிடும்.

வி.பி.ஏ. பழைய பாஷைதான். அதை வைத்துப் புதிய மாளிகை கட்ட வேண்டாம். ஆனால் குடி இருக்கும் வீடு பழையது என்பதற்காக, அதன் சாவியைத் தொலைக்கலாமா? உங்கள் ஆபீசில் "சம்பளம் போடு" என்று ஒரு பொத்தான் இருக்கிறதா? அதற்குப் பின்னால் இருக்கும் சீட்டைப் படிக்கத் தெரிந்தவர் யார் என்று நாளைக்கே கேட்டுப் பாருங்கள். மாதக் கடைசி வரை காத்திருக்காதீர்கள்!